ஒரே காபிக் கடையில் ஒரு முழுநீளப் படம்: எழுதுவதிலிருந்து திரையிடுவது வரை

ஒரு கடை, பத்துப் பன்னிரண்டு முகங்கள், ஒரு பகல் பொழுது. சொந்தக் காசிலும் நண்பர்கள் காசிலும் முதல் படம் எடுக்க நினைப்பவர்களுக்கு இந்த யோசனை அடிக்கடி வருகிறது. யூனிட் இடம் மாற வேண்டாம், செட் போட வேண்டாம், பேச்சிலேயே கதை நகர்ந்துவிடும் என்று கணக்குப் போடுகிறார்கள். கணக்கில் தப்பில்லை. அமெரிக்க இயக்குநர் கெவின் ஸ்மித் தான் வேலை பார்த்த நியூ ஜெர்சி கடையிலேயே ராத்திரி ராத்திரியாக ‘கிளர்க்ஸ்’ படத்தை எடுத்தார். செலவு ஏறக்குறைய 27,500 டாலர். 1994-ல் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் பரிசு வாங்கியது. ஜிம் ஜார்முஷ் 1986-ல் எடுத்த ஒரு சின்னப் படத்தில் தொடங்கி, காபி மேசையில் நடக்கும் பதினொரு உரையாடல்களைப் பல வருஷமாகச் சேர்த்து, 2003-ல் ‘காபி அண்ட் சிகரெட்ஸ்’ என்று முழுப் படமாக்கினார். கொரியாவில் கிம் ஜோங்-க்வான், ஒரு கஃபேயில் ஒரே மேசைக்கு ஒரே நாளில் வந்து போகும் நான்கு ஜோடிகளை மட்டும் வைத்து ‘தி டேபிள்’ எடுத்தார்.

இவற்றில் கடைசி இரண்டும் ஒன்றன் பின் ஒன்றாக வரும் உரையாடல்கள். ஒரு ஜோடி எழுந்து போனதும் அடுத்த ஜோடி வரும். நான் இங்கே எழுதப்போவது அதைவிடச் சிக்கலான வகையைப் பற்றி: ஒரே நேரத்தில் கடைக்குள் இருக்கும் பலருடைய வாழ்க்கை ஒன்றையொன்று உரசிக்கொண்டு போகும் படம். இந்த வகையில் பல முயற்சிகள் தோற்பதற்கு நான் பார்த்த காரணம் ஒன்றுதான். இயக்குநர் நான்கு தனித்தனிக் குறும்படங்களை எழுதிவிட்டு, அவற்றை ஒரே கூரைக்குக் கீழே எடுத்துவிடுகிறார். முன்னால் இரண்டு பேர் உயிரைக் கொடுத்துப் பேசிக்கொண்டிருப்பார்கள். பின்னால் சம்பந்தமில்லாத ஜூனியர் ஆர்ட்டிஸ்ட்கள் காலி டம்ளரை உறிஞ்சிக்கொண்டிருப்பார்கள். படத்தின் உயிர் அந்தப் பின்பக்கத்தில்தான் இருக்கிறது. ஒருத்தியின் கதை நடக்கும்போது, பத்து நிமிடம் கழித்து நாம் பின்தொடரப்போகும் ஆள் அவளுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்க வேண்டும். கீழே வரும் எல்லாப் படிகளும் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்.

முதல் படி: கடையைப் பிடியுங்கள், கதை அப்புறம்

வழக்கமாக ஸ்கிரிப்ட் முடிந்த பிறகு லொகேஷன் தேடுவோம். இங்கே அதைத் திருப்பிப் போடுங்கள். கடையின் அமைப்புதான் யார் யாரைப் பார்க்க முடியும், யார் பேச்சு யாருக்குக் கேட்கும் என்பதை முடிவு செய்கிறது. அது தெரியாமல் எழுதும் காட்சிகளைப் பிறகு மாற்றி எழுதத்தான் வேண்டிவரும்.

நம் ஊரில் காபிக் கடை என்றால் இரண்டு மூன்று வகை. நின்றுகொண்டே குடிக்கும் டிகிரி காபிக் கடையில் ஒருவர் ஐந்து நிமிடம் இருப்பார். அங்கே நீண்ட உரையாடல் பொய்யாகத் தெரியும். ஆனால் தினமும் அதே நேரத்துக்கு வருபவர்களின் கதையைப் பல நாட்களாகப் பிரித்துச் சொல்லலாம். குளிர்சாதன வசதியுள்ள கஃபேயில் ஒரு லாட்டேக்கு இரண்டு மணி நேரம் உட்காரலாம். ஆனால் வருபவர்கள் ஏறக்குறைய ஒரே வருமானக்காரர்களாகவே இருப்பார்கள், கதை அந்த வட்டத்துக்குள் சுருங்கிவிடும். இரண்டுக்கும் நடுவில், மார்பிள் மேசை போட்ட பழைய மெஸ் மாதிரியான கடைகள் இருக்கின்றன. வழக்கறிஞரும் லோடு ஏற்றுபவரும் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார வாய்ப்பிருப்பது அங்கேதான். எனக்கு இந்த வகைதான் பிடிக்கும்.

அப்படி ஒரே மேசையில் உட்காருவது இங்கே சும்மா வந்ததும் கிடையாது. அந்தக் காலக் காபி கிளப்புகளில் யார் உள்ளே வரலாம், யார் எங்கே உட்காரலாம் என்பதைச் சாதி தீர்மானித்தது. ஹோட்டல் பலகையில் ‘பிராமணாள்’ என்று எழுதியிருந்ததை எதிர்த்து 1957-ல் திருவல்லிக்கேணி முரளி கபே முன்னால் பெரியார் போராட்டம் நடத்தினார். கிராமத்து டீக்கடைகளில் இரட்டைக் குவளை அதற்குப் பிறகும் பல காலம் நீடித்தது. தமிழில் முன்பின் தெரியாதவர்களை ஒரு கடைக்குள் உட்காரவைத்துக் கதை எழுதுபவர் இதை மனதில் வைத்துக்கொண்டு எழுத வேண்டும். உங்கள் கடைக்குள் யார் தயங்காமல் நுழைகிறார்கள், யார் வாசலிலேயே பார்சல் வாங்கிக்கொண்டு போகிறார்கள் என்று ஒரு வாரம் கவனியுங்கள். பாதிக் கதை அதிலேயே கிடைக்கும்.

கடையைப் பார்க்கும்போது கவனிக்க வேண்டியவை: ஜன்னல் எந்தத் திசையில் இருக்கிறது (வடக்கு என்றால் நாள் முழுக்க வெளிச்சம் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும், மேற்கு என்றால் மூன்று மணிக்கு மேல் வெயில் நேராக உள்ளே பாயும்), கேமரா பின்வாங்க இடமிருக்கிறதா, ஃபிரிட்ஜ், மாவு மெஷின், ஏசி எங்கே இருக்கின்றன, தனித்தனி சுவிட்ச் உண்டா, பஸ் நிறுத்தம் எவ்வளவு தூரம், நடிகைகள் உடை மாற்ற ஓர் அறையும் ஒழுங்கான கழிப்பறையும் உண்டா. கடைசியாகச் சொன்னதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அது இல்லாத கடையை வேண்டாம் என்று விட்டுவிடுங்கள்.

இரண்டாவது படி: மூன்று கதை போதும்

ஆறேழு கதைகளைப் பின்னும் ஆசை எல்லோருக்கும் வரும். எண்பது நிமிடப் படத்தை ஏழாகப் பிரித்தால் ஆளுக்குப் பதினோரு நிமிடம். அதற்குள் ஒரு மனிதரை அறிமுகப்படுத்தி, அவர் மேல் அக்கறை வரவைத்து, அவரை ஒரு முடிவுக்குக் கொண்டுபோவது ரொம்பக் கஷ்டம். மூன்று இழைகளை வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒன்று கடையில் வேலை செய்பவருடையதாக இருக்கட்டும். மற்றவர்கள் வந்து போவார்கள்; காலை முதல் ராத்திரி வரை எல்லா மேசைக்கும் போகக்கூடியவர் அவர் ஒருவர்தான்.

பேச்சுக்கு ஒரு கடை வைத்துக்கொள்வோம். சென்னை சென்ட்ரல் பக்கம், அரசுப் பொது மருத்துவமனையிலிருந்து நடந்து வரும் தூரம். முதல் இழை: அப்பாவுக்கு ஆபரேஷன் நடந்துகொண்டிருக்கிறது, பல வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத அக்காவும் தம்பியும் அந்தக் கடையில் சந்தித்து, செலவுக்கு வீட்டை விற்பதா வேண்டாமா என்று பேச வேண்டும். இரண்டாவது: பெரியவர்கள் ஜாதகம் பார்த்து முடித்துவிட்ட ஒரு பெண்ணும் பையனும், பெண் பார்க்கும் சடங்குக்கு முன்னால் தனியாகச் சந்திக்கிறார்கள், கல்யாணத்துக்குப் பிறகும் அம்மாவைத் தன்னோடு வைத்துக்கொள்வேன் என்பதை அவள் சொல்லியாக வேண்டும். மூன்றாவது: ஒடிசாவிலிருந்து வந்து மேசை துடைக்கும் பையனுக்கு இன்றோடு வேலை முடிகிறது, ராத்திரி ரயிலைப் பிடிப்பதற்குள் முதலாளியிடம் சம்பளப் பாக்கியைக் கேட்க வேண்டும்.

மூன்றிலும் ஒரு பொது அம்சம் இருப்பதைக் கவனியுங்கள். எல்லோரும் எதற்காகவோ காத்திருக்கிறார்கள், எல்லோருக்கும் சொல்லியாக வேண்டிய ஒரு வாக்கியம் தொண்டையில் நிற்கிறது. ‘இவர் ஏன் இன்னும் எழுந்து போகவில்லை?’ என்ற கேள்விக்குப் பதில் இல்லாத பாத்திரத்தை இந்த வகைப் படத்தில் வைக்கவே கூடாது.

இனி இவர்கள் எப்படி உரசிக்கொள்வது? அக்காவும் அந்தப் பையனும் பழைய காதலர்கள், தம்பிதான் அந்தப் பெண்ணின் அலுவலக மேலாளர் என்றெல்லாம் முடிச்சுப் போடத் தோன்றும். செய்யாதீர்கள். அப்படிப் போட்ட முடிச்சை அவிழ்ப்பதிலேயே படத்தின் கடைசிக் கால்மணி நேரம் போய்விடும், பார்ப்பவருக்கும் அதில் நம்பிக்கை வராது. உரசல் சின்னதாக, கண்ணால் பார்க்கக்கூடியதாக இருந்தால் போதும். பக்கத்து மேசையில் அக்கா அழுகிறாள். அவளுக்கு நேர் எதிரே உட்கார்ந்திருக்கும் கல்யாணப் பையன், ஒன்றும் சொல்லாமல் தன் நாற்காலியைச் சற்றே திருப்பி, அவள் முகத்தைப் பார்க்காதபடி உட்கார்ந்துகொள்கிறான். அந்தப் பெண் அதைக் கவனிக்கிறாள். அம்மாவைப் பற்றிச் சொல்லும் தைரியம் அவளுக்கு வருவது அந்த ஒரு அசைவினால். அக்காவுக்கு இது எதுவும் தெரியாது, கடைசி வரை தெரியவும் வேண்டாம். ஒருவருடைய துக்கம் இன்னொருவருடைய முடிவை மாற்றிவிட்டது. இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. இதுமாதிரி நான்கைந்து இருந்தால் படம் நிறைந்துவிடும்.

மூன்றாவது படி: பின்புல அட்டவணை

இந்த வழிகாட்டியில் வேறெதைத் தள்ளினாலும் இதை மட்டும் தள்ளாதீர்கள்.

ஒரு பெரிய சார்ட் பேப்பரை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே இடமிருந்து வலமாகக் கடையின் பகுதிகள்: முதல் மேசை, இரண்டாம் மேசை என்று வரிசையாக, அப்புறம் கல்லா, காபி மாஸ்டர் நிற்கும் இடம், கை கழுவும் இடம், வாசல். இடது ஓரத்தில் கதை நேரம், பத்துப் பத்து நிமிடமாக. கதை காலை பத்திலிருந்து மதியம் இரண்டு வரை நடக்கிறது என்றால் இருபத்து நாலு வரிசை வரும். ஒவ்வொரு கட்டத்திலும் அந்த நேரத்தில் அங்கே யார் இருக்கிறார், என்ன செய்கிறார், மேசைமேல் என்ன இருக்கிறது என்று எழுதுங்கள். கேமரா அந்தப் பக்கம் போகாத கட்டங்களையும் நிரப்ப வேண்டும். தம்பி பதினொன்றரைக்குத்தான் கதையில் பேசத் தொடங்குகிறான் என்றாலும், பதினொன்று பத்துக்கே வந்து வாசலில் நின்று, உள்ளே போகலாமா என்று தயங்கிக்கொண்டிருக்கிறான். அப்போது முன்னால் நடப்பது அந்தப் பெண்ணின் காட்சி. அவள் தோளுக்குப் பின்னால், ஃபோகஸ் இல்லாமல், ஒரு நீலச் சட்டை இரண்டு தடவை வந்து திரும்பிப் போகும். பார்ப்பவர் அப்போது கவனிக்கமாட்டார். பிறகு தம்பி நீலச் சட்டையோடு உள்ளே வரும்போது, அவன் எவ்வளவு நேரமாக வெளியே நின்றிருக்கிறான் என்பது அவருக்குச் சட்டென்று உறைக்கும். ஒரு வரி வசனம் தேவையில்லை.

இதற்காகவே ஒவ்வொரு முக்கியப் பாத்திரத்துக்கும் தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும் ஒரு நிறமோ பொருளோ கொடுங்கள். ஆஸ்பத்திரி ஃபைல், மஞ்சள் துப்பட்டா, ஊருக்குப் போகிறவனின் பெரிய பை என்று எதுவாகவும் இருக்கலாம்.

அட்டவணை முடிந்ததும் அதை ஸ்கிரிப்ட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நிச்சயம் முட்டும். இரண்டு மேசையிலும் ஒரே நேரத்தில் பையன் துடைத்துக்கொண்டிருப்பான். ஒருவர் எழுந்து போன பிறகும் பின்னால் உட்கார்ந்திருப்பார். காகிதத்தில் இதைச் சரிசெய்ய அழிப்பான் போதும், படப்பிடிப்பில் ஒரு முழு நாள் போகும். சரிசெய்த அட்டவணையின் நகல் அசோசியேட் இயக்குநர், ஒளிப்பதிவாளர், கண்டினியூட்டி (ஷாட்டுக்கு ஷாட் உடையும் பொருளும் மாறாமல் இருப்பது) பார்க்கும் அசிஸ்டென்ட், எடிட்டர் நால்வரிடமும் இருக்க வேண்டும்.

கொரிய இயக்குநர் ஹோங் சாங்-சூவின் ‘கிராஸ்’ (Grass) 66 நிமிடப் படம். ஒரு பெண் கஃபே மூலையில் லேப்டாப்போடு உட்கார்ந்து மற்ற மேசைகளின் பேச்சைக் கேட்டுக்கொண்டிருப்பாள். அவள் இருப்பது ஃபிரேமில் தெரியாத நேரத்திலும் நமக்கு அவள் நினைவு இருந்துகொண்டே இருக்கும். அந்த உணர்வு வருவதற்குத்தான் இத்தனை பாடும்.

நான்காவது படி: வசனமும் ஒத்திகையும்

காபிக் கடைப் பேச்சு எப்போதும் நடுவில் அறுபடும். ‘சர்க்கரை கம்மியா’, ‘அண்ணே, ஒரு தண்ணி’, ‘இங்க யாராச்சும் வராங்களா?’ இந்த அறுபடல்களை ஸ்கிரிப்ட்டிலேயே எழுதுங்கள். சொல்ல முடியாத விஷயத்தைச் சொல்ல வாயெடுக்கும் நேரத்தில் சப்ளையர் வந்து நிற்பது உரையாடலுக்குப் பெரிய பலம். அக்கா தம்பி என்றால் ‘டா’ போட்டுப் பேசிய பழக்கம் இருக்கும்; இத்தனை வருஷ இடைவெளிக்குப் பிறகு முதல் பத்து நிமிடம் அந்த ‘டா’ வராது. அது எந்த வரியில் திரும்ப வருகிறது என்பதை நடிகர்களோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள்.

ஒத்திகையைக் கடையிலேயே, எல்லா இழைகளின் நடிகர்களையும் ஒரே நேரத்தில் உட்காரவைத்து நடத்துங்கள். முழுப் படத்தையும் நிறுத்தாமல் ஒரு தடவை நாடகம் மாதிரி ஓட்டிப் பார்த்தால், அட்டவணையில் எழுதாத பத்து விஷயங்கள் தானாக வரும். பின்னால் இருக்கும்போதும் தன் பாத்திரம் வாழ்ந்துகொண்டிருக்கிறது என்பது நடிகர்களுக்கும் அப்போதுதான் புரியும்.

ஐந்தாவது படி: சத்தத்தை அடக்குவது

தமிழ்ப் படங்களில் டப்பிங் பழக்கம் அதிகம். இந்தப் படத்துக்கு, நடிக்கும்போதே வசனத்தைப் பதிவு செய்யும் சிங்க் சவுண்டுதான் பொருந்தும். தயங்கித் தயங்கி வரும் பேச்சை ஆறு மாதம் கழித்துக் கண்ணாடி அறைக்குள் நின்று திரும்பக் கொண்டுவர முடியாது. படம் முழுக்கப் பேச்சு என்பதால் நல்ல சவுண்ட் ரெக்கார்டிஸ்ட் கிடைத்தால் கேமரா வாடகையைக் குறைத்தாவது அவரை எடுத்துக்கொள்ளுங்கள்.

கடையில் எதிரி மூன்று பேர். முதலாவது மோட்டார்: ஃபிரிட்ஜ், ஏசி, மின்விசிறி. டேக் போகும்போது எல்லாவற்றையும் அணைக்க வேண்டும். அணைத்த ஃபிரிட்ஜை மறுபடி போட மறந்தால் கடைக்காரரின் பால் கெட்டுப்போகும். அதற்கு ஒரு பழைய வழி உண்டு: யூனிட் வண்டியின் சாவியை அந்த ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிடுங்கள், அதைத் திறக்காமல் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. மின்விசிறி நின்றால் சென்னை வெயிலில் நடிகர் முகம் இரண்டு நிமிடத்தில் மின்னத் தொடங்கும், அதனால் டேக்குகளைச் சின்னதாக வைத்து நடுவில் காற்று கொடுங்கள்.

இரண்டாவது, பாத்திரச் சத்தம். எவர்சில்வர் டபராவும் டம்ளரும் மார்பிளில் படும் சத்தம் வசனத்தை வெட்டிவிடும். கேமரா கண்ணில் படாத இடங்களில் மேசைமேல் மெல்லிய ரப்பர் விரிப்புப் போடுங்கள், நாற்காலிக் கால்களுக்குத் துணி சுற்றுங்கள். டபராவில் ஆற்றுகிற சத்தம், மாஸ்டர் பாத்திரம் வைக்கும் சத்தம், கல்லா இழுக்கும் சத்தம் எல்லாவற்றையும் தனியாக, வசனமே இல்லாத நேரத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள். மிக்ஸிங்கில் தேவையான இடத்தில் தேவையான அளவுக்கு வைக்கலாம்.

மூன்றாவது, பின்னால் இருப்பவர்கள். அவர்கள் வாயை மட்டும் அசைக்க வேண்டும், சத்தம் வரக் கூடாது. அவர்களுடைய சலசலப்பையும் தனியாகப் பதிவு செய்யுங்கள். அதில் ஒரு நுணுக்கம்: பிறகு நாம் முன்னால் பார்க்கப்போகும் காட்சியின் உண்மையான வசனமே இந்தச் சலசலப்புக்குள் மங்கலாகக் கேட்கட்டும். பெண்ணின் காட்சியில் தூரத்தில் ‘வீட்ட வித்துட்டா அம்மா எங்க போவாங்க’ என்று பாதி கேட்டால், அக்காவின் காட்சி வரும்போது அதே வரி முழுதாகக் கேட்கும். பின்புல அட்டவணை ஒலிக்கும் சேர்த்துத்தான்.

ஒவ்வொரு நாளும் கடையை அமைதியாக்கி ஒரு நிமிடம் வெறும் அறைச் சத்தத்தைப் பதிவு செய்யுங்கள். எடிட்டில் வசனங்களுக்கு நடுவே வரும் ஓட்டையை அடைக்க அது வேண்டும்.

ஆறாவது படி: வெளிச்சமும் கேமராவும்

இந்தியாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். நொடிக்கு 24 ஃபிரேமில் எடுக்கும்போது கேமராவின் ஷட்டர் கோணத்தை 180 டிகிரியில் வைத்தால் கடையின் டியூப்லைட்டும் மலிவு எல்இடியும் திரையில் துடிக்கலாம். 172.8 டிகிரியில், அதாவது நொடியில் ஐம்பதில் ஒரு பங்கில் வையுங்கள். அப்படியும் துடிக்கும் பல்புகளை மாற்றிவிடுங்கள்.

நான்கு மணி நேரக் கதையைப் பதினாறு நாளில் எடுப்பதால் ஜன்னல் வெளிச்சம்தான் பெரிய தலைவலி. கண்ணாடியில் இரண்டு ஸ்டாப் குறைக்கும், அதாவது நிறத்தை மாற்றாமல் வெளிச்சத்தைக் கால்பங்காக்கும் என்டி ஜெல் தாளை ஒட்டினால் உள்ளே குறைந்த விளக்கிலேயே வேலை நடக்கும், வெளியே தெருவும் வெளுத்துப் போகாது. கண்ணாடியின் பிரதிபலிப்பைக் குறைக்க லென்ஸில் போலரைசர் ஃபில்டர் வேண்டும். ஜன்னல் பக்கம் பார்க்கும் ஷாட்களையெல்லாம் ஒரே நேர இடைவெளியில், உதாரணமாகத் தினமும் பத்திலிருந்து ஒன்று வரைக்கும் எடுத்துவிட்டு, சுவர்ப் பக்கம் பார்க்கும் ஷாட்களை மதியத்துக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள்.

லென்ஸ் பற்றி ஒரே ஒரு வார்த்தை. பின்னால் எல்லாம் கரைந்து போகும்படி அபெர்ச்சரை முழுக்கத் திறந்து எடுக்கும் மோகம் இப்போது எல்லோருக்கும் இருக்கிறது. அது இந்தப் படத்தைக் கொன்றுவிடும். அபெர்ச்சரை எஃப் 5.6 பக்கம் வைத்து, பின்னால் இருப்பவர் யாரென்று கண்டுபிடிக்க முடிகிற அளவுக்காவது தெளிவு கொடுங்கள்.

ஏழாவது படி: காபி

பில்டர் காபியின் நுரை சில நிமிடங்களில் அடங்கி மேலே ஆடை படியும். ஆகவே நெருக்கமாகத் தெரியும் ஒவ்வொரு டேக்குக்கும் புதுக் காபி வேண்டும். டம்ளரில் எவ்வளவு இருந்தது என்பதை ஒவ்வொரு டேக் முடிவிலும் போனில் படம் எடுத்து வைப்பது கண்டினியூட்டி அசிஸ்டென்ட்டின் வேலை. இன்னொரு நடைமுறைச் சிக்கல்: இருபது டேக்குக்கு இருபது காபி குடித்தால் நடிகருக்கு நெஞ்சு படபடக்கும். சிக்கரியில் கஃபீன் கிடையாது. தனிச் சிக்கரியில் இறக்கிய டிகாஷனில் பால் விட்டால் நிறமும் நுரையும் ஏறக்குறைய அப்படியே இருக்கும். ஆவி திரையில் தெரிய வேண்டுமென்றால் காபி கொதிப்பதைவிடப் பின்னாலிருந்து விளக்கு விழுவது முக்கியம்.

காபி ஆற்றும் கைப்பழக்கத்தை நடிகருக்குக் கொண்டுவர முடியாது. கடையின் மாஸ்டரிடமே கேளுங்கள், அவர் சம்மதித்தால் அவரையே நடிக்கவையுங்கள். ஒழுங்கான சம்பளமும் டைட்டிலில் பெயரும் கொடுங்கள்.

எட்டாவது படி: ஷெட்யூலும் பணமும்

எண்பது பக்க ஸ்கிரிப்ட்டை நாளுக்கு ஐந்து பக்கம் என்று எடுத்தால் பதினாறு நாள். ஒரு லொகேஷன் என்பதால் ஐந்து பக்கம் சாத்தியம்தான். ஆனால் இந்தப் படத்தில் பணம் போகும் இடம் வேறு. பின்னால் வர வேண்டும் என்பதற்காக எல்லா முக்கிய நடிகர்களும் ஏறக்குறைய எல்லா நாளும் வர வேண்டியிருக்கும். நாலு நாள் கால்ஷீட் கொடுத்துவிட்டுப் போகும் பிரபலமான முகத்தை நம்பி இந்தப் படத்தைத் தொடங்காதீர்கள். முழு ஷெட்யூலும் கூடவே இருக்கும் நாடகக்காரர்கள் நூறு மடங்கு மேல். அட்டவணையைப் பார்த்து, பரந்த கோணத்தில் எல்லோரும் தெரியும் ஷாட்களை முதல் நாலைந்து நாளில் அடுக்கிவிட்டால், குளோசப் நாட்களில் சிலருக்கு ஓய்வு கொடுக்கலாம்.

கடையை எப்போது கொடுப்பார்கள்? ‘கிளர்க்ஸ்’ பகல் கதைதான், ஆனால் கடை ராத்திரிதான் கிடைத்தது. ஷட்டர் பூட்டில் யாரோ சூயிங்கம் அடைத்துவிட்டதால் திறக்க முடியவில்லை என்று ஸ்கிரிப்ட்டிலேயே எழுதி, ஷட்டரை மூடிவைத்து எடுத்துவிட்டார்கள். இடைஞ்சலைக் கதைக்குள் இழுத்துக்கொள்ளும் இந்தப் புத்தி நமக்கு வேண்டும். தெரு தெரிந்தே ஆக வேண்டும் என்றால், புதுப்பிப்பதற்காக மூடப்போகும் கடையையோ, இன்னும் திறக்காத கடையையோ தேடுங்கள். ஓடும் கடையைப் பதினாறு நாள் மூடச் சொன்னால் அன்றாட வியாபாரத்தோடு ஊழியர்களின் கூலியையும் சேர்த்துக் கொடுப்பதுதான் நியாயம். எழுத்தில் ஒப்பந்தம் போடுங்கள்: தேதி, நேரம், மின்கட்டணம், உடைந்தால் யார் பொறுப்பு, படத்தில் கடையின் பெயர் வரலாமா என எல்லாம் அதில் இருக்கட்டும். வாசலுக்கு வெளியே டிரைபாட் வைத்தால் போலீஸ், மாநகராட்சி அனுமதி தனி.

ஒன்பதாவது படி: உரிமைகள்

கடை ரேடியோவில் பழைய பாட்டு ஓடினால் அழகாகத்தான் இருக்கும். அதற்குப் பாடல், இசைக்கான உரிமையும் அந்த ஒலிப்பதிவுக்கான உரிமையும் வாங்க வேண்டும், சிறு படத்துக்குக் கட்டுப்படியாகாது. உங்கள் இசையமைப்பாளரிடமே எழுபதுகளின் சாயலில் ஒரு பாட்டு போட்டு வாங்குங்கள். பால் பாக்கெட், பிஸ்கட், குளிர்பான பிராண்டுகளைத் திருப்பி வையுங்கள். தெருவில் போகிறவர் முகம் தெளிவாகத் தெரிந்தால் ஒப்புதல் கையெழுத்து வாங்குங்கள்.

டீ காபிக் கடை வாசலில் சிகரெட் வைக்காமல் இருக்க முடியாது என்று தோன்றும். வைத்தால் படத்தின் தொடக்கத்திலும் நடுவிலும் புகையிலை எதிர்ப்புக் குறும்படமும் எச்சரிக்கையும் போட வேண்டும், அந்தக் காட்சி முழுக்கத் திரையின் அடியில் எச்சரிக்கை வாசகம் இருக்க வேண்டும். மெல்லிய ஒரு காட்சிக்குக் கீழே அந்த எழுத்து வேண்டுமா என்று யோசித்து முடிவெடுங்கள். குழந்தை நட்சத்திரம் இருந்தால் மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும், ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது.

பத்தாவது படி: எடிட்

முதலில் ஒவ்வோர் இழையையும் தனித்தனியாக முழுசாக வெட்டிப் பாருங்கள். தனியாக நிற்காத இழை பின்னிய பிறகும் நிற்காது. அப்புறம் பின்னுங்கள். ஒரு கதையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ, ‘பரபரப்பான இடத்தில் வெட்டு’ என்ற தொலைக்காட்சிப் பழக்கம் கைக்கு வரும். அதைவிட, பின்னால் இருப்பவர் செய்யும் ஏதோ ஒன்றினால் தாவுவது நல்லது. பையன் தண்ணீர் வைத்துவிட்டு அடுத்த மேசைக்கு நகர்கிறான், நாமும் அவனோடு நகர்கிறோம். ஒரே கணத்தை இரண்டு பக்கத்திலிருந்தும் காட்டும் வித்தையை ஒரு தடவைக்கு மேல் செய்யாதீர்கள். நாற்காலி திரும்பும் கணம் அதற்குத் தகுதியானது, காபி கொட்டும் கணம் கிடையாது.

எடிட் முடியும்போது 75 நிமிடத்துக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள், முழுநீளப் பிரிவுகளில் அளவுக் கேள்வி வராது.

பதினோராவது படி: திரைக்குக் கொண்டுபோவது

தியேட்டரில் போட சென்சார் சான்றிதழ் கட்டாயம். 2024 விதிகளுக்குப் பிறகு யுஏ (சிறுவர்கள் பெற்றோர் வழிகாட்டுதலோடு பார்க்கும் பிரிவு) என்பது 7+, 13+, 16+ என மூன்றாகப் பிரிந்திருக்கிறது. ஓடிடியில் மட்டும் வெளியிட்டால் அந்தத் தளமே வயது வகையைப் போட்டுக்கொள்ளும்.

இந்த மாதிரிப் படத்துக்கு முதல் வாசல் பெரும்பாலும் திரைப்பட விழாதான். பி.எஸ். வினோத்ராஜின் ‘கூழாங்கல்’ 2021-ல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது வாங்கியபோது அதில் பெரிய நட்சத்திரம் யாரும் கிடையாது. கோவாவில் இந்திய சர்வதேசத் திரைப்பட விழாவை ஒட்டி நடக்கும் பிலிம் பஜாரில் (இப்போது ‘வேவ்ஸ் பிலிம் பஜார்’), முடியாத படத்தின் ரஃப் கட்டை, அதாவது முதல்கட்ட எடிட்டைக் காட்டி ஆலோசனை பெறும் பிரிவு இருக்கிறது. எடிட் பாதியில் இருக்கும்போதே விண்ணப்பியுங்கள். திருவனந்தபுரம், சென்னை விழாக்கள் டிசம்பரில் வருகின்றன. பெரிய விழாக்கள் பலவும் படம் வேறெங்கும் காட்டப்படாமல் இருக்க வேண்டும் என்று கேட்கும். எனவே எங்கே முதலில் அனுப்புவது என்ற வரிசையை எழுதி வைத்துக்கொண்டு, பதில் வரும் வரை யூட்யூப் பக்கமோ உள்ளூர் பொதுத் திரையிடல் பக்கமோ போகாதீர்கள்.

விண்ணப்பத்தோடு அனுப்ப நல்ல ஆங்கில சப்டைட்டில் செய்துகொள்ளுங்கள். பின்னால் பாதி கேட்கும் வரிகளை எல்லாம் சப்டைட்டில் போடுபவர் ஆர்வத்தில் மொழிபெயர்த்துவிடுவார். எவை எழுத்தாக வர வேண்டும், எவை சலசலப்பாகவே இருக்க வேண்டும் என்று அட்டவணையை அவர் கையிலும் கொடுத்துக் குறித்துக்காட்டுங்கள். கடைசியாக, டிசிபி (தியேட்டரில் ஓட்டும் டிஜிட்டல் பிரதி) ஆனதும் உண்மையான தியேட்டரை, காலைக் காட்சிக்கு முன் வாடகைக்கு எடுத்து, 5.1 சரவுண்ட் ஒலியில் பார்த்துவிடுங்கள். லேப்டாப்பில் கேட்காத ஃபிரிட்ஜ் அங்கே கேட்கும்.